இரண்டாம் எடை

வானத்தை நிர்வகிக்கும் அலுவலகம் நிலவறையில் இருக்கிறது. மேலே மூன்று மாடிகள் காலியாகத்தான் கிடக்கின்றன. ஆனாலும் இரண்டு பேர் சேர்ந்து பறக்க உரிமம் கொடுக்கும் இருவர் பறப்போர் கழகம் படியிறங்கிப் போய், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறது. காரணம் கேட்டால் கழகத் தலைவர் மூடி மறைக்காமல் சொல்லிவிடுவார்.

"எனக்கு உயரம்னா ஆகாதுங்க. ரெண்டாவது மாடியிலேர்ந்து எட்டிப் பாத்தாலே தலை சுத்தும். அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டாங்க. பறக்கத் தெரிஞ்சவன் கையில விதியைக் குடுத்தா, பறக்கறதுக்குத் தோதா வளைச்சுருவான். எனக்கு அந்த ஆசையே கிடையாது. பதினெட்டு வருஷமா ஒருத்தரும் லேசுல பறந்துடாமப் பாத்துக்கிட்டிருக்கேன்."

இந்த நிலவறைக்கு வந்து உரிமம் கேட்டவர்களில் ஒருவர் லிஃப்ட்காரர். பழுதான லிஃப்டுகளைச் சரி செய்வது அவர் தொழில். பதினான்கு வருஷமாக இருட்டுக் குழிக்குள் நின்று, வடத்தைத் தடவிப் பார்த்து, "இப்ப ஏறலாம்" என்று மற்றவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தவர். நாலு சுவருக்கு நடுவே ஏறி இறங்கி அலுத்துப்போய், மூன்று வருஷத்துக்கு முன்பு கிளைடரில் தனியாகப் பறக்கக் கற்றுக்கொண்டார். கிளைடர் என்றால் பெரிய முக்கோணத் துணிச் சிறகு. அதன் நடுவில் ஒரு கொக்கி. உடம்பைச் சுற்றிக் கட்டிய பட்டையை அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்தபடி மலைச்சரிவில் ஓடினால், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். கொக்கி மட்டும் மறக்கக் கூடாது.

பறந்துவிட்டு வந்த ஒவ்வொரு நாளும் வீட்டில் அதே பேச்சுதான். ஆறு எப்படித் தெரிந்தது, மாடுகள் எத்தனை சின்னதாகத் தெரிந்தன என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனைவி, ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க மட்டும் பாத்துட்டு வந்து கதை விட்டா எப்படி? என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க. ஆனா முறையா உரிமம் வாங்கிட்டு. இல்லாட்டி நான் ஏற மாட்டேன்."

அந்த "முறையா" என்ற ஒரு சொல்தான் அவரை நிலவறைக்குள் இறக்கியது.

இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு பறக்க ஆறு மாதப் பயிற்சி. அதில் முதல் நாலு மாதம் கிளைடரைக் கண்ணில் காட்டவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துக் கட்டி, கையில் ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்து, நிலவறை நடைபாதையில் ஓடவிட்டார்கள். "காற்றில்லாப் பறப்பு" என்று அதற்குப் பெயர். பக்கத்து அறையில் பல் வைத்தியர் ஒருவர் தொழில் பார்த்தார். வாயைத் திறந்தபடி காத்திருந்த நோயாளிகள் இவர்கள் கூச்சலிட்டு ஓடுவதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு. "காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது?" என்பது கேள்வி. காற்றைப் பார்த்துச் சொல்வதாக எழுதிய லிஃப்ட்காரருக்குப் பூஜ்யம் கிடைத்தது. "பரிசோதகர் சொல்லும் திசையிலிருந்து" என்பதுதான் சரியான விடை. இரண்டாம் முறை அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் எழுதித் தேறினார்.

பாடம் நடத்தியவர் கழகச் செயலாளர். முதல் வகுப்பிலேயே "பயணி" என்ற சொல்லுக்குத் தடை போட்டார்.

"பயணின்னு எழுதாதீங்க. 'இரண்டாம் எடை'ன்னு எழுதுங்க. பயணின்னா உடனே அபிப்பிராயம், புகார், உரிமை எல்லாம் வந்துரும். எடைக்கு அதெல்லாம் கிடையாது. எடைக்கு எடை மட்டும்தான்."

கடைசிக் கட்டம் பத்துப் பறப்புகள். இரண்டாம் எடையாக நெருங்கிய உறவினர் ஒருவரைக் கூட்டி வர வேண்டும். ஏன் உறவினர் என்று லிஃப்ட்காரர் ஒரு சந்தேகம் கேட்டார்.

"வெளியாளுக்கு அடிபட்டா வக்கீல் வருவான்," என்றார் செயலாளர். "உறவுக்காரனுக்கு அடிபட்டா பழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்தாப் போதும். அனுபவத்துல சொல்றேன்."

லிஃப்ட்காரர் தன் மச்சினனைக் கூட்டிவந்தார். மனைவியின் ஒரே தம்பி. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கூரையின் அடிப்பக்கத்துக்கு, தலைக்கு மேல் கையைத் தூக்கி நாள் முழுக்க அடித்தாலும் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாது என்று பெயர் வாங்கியவன். "அக்காவைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி என்னை வச்சு ஒத்திகையா மாமா? நல்லா இருக்கு கதை!" என்று சிரித்துக்கொண்டே வந்தான். ஒன்பது பறப்புகள் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. ஒவ்வொரு முறை இறங்கியதும் அவன் கீழே நின்று, "இன்னொரு வாட்டி" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்.

பத்தாவது பறப்பைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சரிவின் உச்சியில் ஒரு மேசை, மேசைக்கு ஒரு குடை, குடைக்குக் கீழே பரிசோதகர். மேசைமேல் படிவம் பதினொன்று, கல் வைத்து அமுக்கியிருக்கும். ஒரு சமயம் படிவங்கள் காற்றில் பறந்துபோனதால், படிவம் மேசையை விட்டு நகரக் கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். கழகத்தின் வரலாற்றில் அனுமதியில்லாமல் பறந்தவை அந்தப் படிவங்கள் மட்டும்தான் என்று பரிசோதகர் வருத்தத்தோடு சொல்வார்.

அன்றைக்கு லிஃப்ட்காரரும் மச்சினனும் கொக்கியில் மாட்டிக்கொண்டார்கள். உதவியாள் கிளைடரின் மூக்கைத் தூக்கிப் பிடிக்க, இருவரும் ஒருமுறை படுத்துத் தொங்கிப் பார்த்தார்கள். கிளம்புவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை அது. இரண்டு பேரையும் கொக்கி தாங்கியது. ஓடத் தயாரானபோது முப்பதடி தூரத்திலிருந்து பரிசோதகர் கத்தினார்.

"நில்லுங்க, நில்லுங்க! நாப்பத்தோராவது வரியில எடையோட கையெழுத்து இல்ல. வந்து போட்டுட்டுப் போகச் சொல்லுங்க!"

நாற்பத்தோராவது வரி இதுதான்: "நான் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கிறேன் என்று உறுதி கூறுகிறேன்."

படிவம் மேசையை விட்டு நகராது. ஆகையால் மச்சினன் கொக்கியைக் கழற்றிவிட்டு மேசைக்குப் போய், தான் கொக்கியில் மாட்டப்பட்டிருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்ப ஓடிவந்து லிஃப்ட்காரர் பக்கத்தில் நின்று, அவர் முதுகுப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். "படிவம் சரி! கிளம்பு!" என்றார் பரிசோதகர். காற்று அருமையாக இருந்தது. பத்தாவது பறப்பு. இன்னொரு முறை தொங்கிப் பார்க்க வேண்டும் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். அதற்குப் பத்து வினாடி போதும். தெரிந்தே ஓடினார்.

கால் தரையை விட்டதும்தான் முதுகில் அந்த இழுப்பு தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் படுத்திருக்க வேண்டியவன் கீழே செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தான். ஒரு கை அவருடைய பட்டையில், ஒரு கை கம்பியில். கம்பியில் ஆள் தொங்கினால் கிளைடர் சொன்னபடி கேட்காது. அங்கே இங்கே அலைந்து வயலை நோக்கி இறங்க நாற்பது வினாடி ஆனது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது மச்சினனின் பிடி விட்டது. விழுந்தவனின் வலது தோள் கழன்று, உள்ளே என்னவோ கிழிந்துபோயிருந்தது.

வயலில் கிடந்தபடி, முகமெல்லாம் மண்ணாக, அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "அக்காகிட்ட ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன்னு சொல்லிருவோம் மாமா. உங்க உரிமம் கெட்டுரும்."

லிஃப்ட்காரர் "சரி" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன சொற்களிலேயே கேவலமான சொல் அது.

மூன்று மாதம் கழித்து மச்சினன் மறுபடி வேலைக்குப் போனான். வலது கை தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. முன்பே வாக்குக் கொடுத்திருந்ததால், முதலில் அக்கா வீட்டுக் கூடத்துக்குத்தான் பெயிண்ட் அடிக்க வந்தான். நாலு சுவருக்கும் தோள் உயரம் வரை வெளிர் நீலம் அடித்தான். அதற்கு மேல் பழைய அழுக்கு மஞ்சள் அப்படியே நின்றது.

"மேல யாருடா அடிப்பா?" என்றாள் அக்கா.

"இப்ப இதுதான்க்கா ஃபேஷன். பாதி பாதி."

"ஃபேஷனாம், ஃபேஷன். இருபது வருஷமா ஏணியில நிக்கிறவன், புத்தியை எங்கடா அடகு வச்சுட்டு ஏறின? கொஞ்சமாவது கவனம் வேணாம்? உன் கவனக்குறைவுக்கு இப்ப யாரு அனுபவிக்கிறது?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு தூரிகையைக் கழுவினான். தனக்கு விழ வேண்டிய வசவுகள் ஒவ்வொன்றாக இன்னொருவன் தலையில் விழுவதைக் கேட்டுக்கொண்டு, லிஃப்ட்காரர் சாப்பாட்டை மென்று விழுங்கினார். மறுநாள் காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று கிளம்பினார். கிளம்பியது கழகத்துக்கு. அதைக் கவனிக்க வேண்டும்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து படிவம் பதினொன்றை எடுத்து விரித்தார்.

"மாட்டப்பட்டிருக்கேன்னு உங்க மச்சினர் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"அந்தக் கையெழுத்தைப் போடத்தாங்க அவன் கழட்டினான்."

"அதுக்குப் படிவத்துல இடமில்லையே. மாட்டியிருந்தவர் எதுக்குக் கம்பியைப் பிடிச்சார்? இரண்டாம் எடை கம்பியைத் தொடக் கூடாதுன்னு விதி இருக்கு, தெரியுமா?"

"பிடிக்காட்டிச் செத்திருப்பான் சார்!"

"சாகக் கூடாதுன்னு விதி இல்ல. தொடக் கூடாதுன்னு இருக்கு."

"தப்பு என்னோடது சார். நான்தான் ரெண்டாவது வாட்டி சோதிச்சுப் பாக்கல. எழுதிக்குங்க."

"பறப்பைப் பத்தி உரிமம் உள்ளவங்க சொன்னாத்தான் எழுதிக்கலாம். உங்களுக்கு இன்னும் உரிமம் வரல. உங்க மச்சினரோ எடை. எடைக்கு வாய் கிடையாது." செயலாளர் குரலைத் தணித்துக்கொண்டார். "உறுத்துதுன்னா நல்ல மனசுன்னு அர்த்தம். நல்ல மனசு உள்ளவங்களுக்குத்தான் நாங்க உரிமம் குடுக்கறது. போயிட்டு வாங்க."

ஒரு வாரத்தில் மச்சினன் வீட்டுக்கு ஒரு கடிதம் போனது. கம்பியைத் தொட்ட குற்றத்துக்காக ஐந்து வருஷத்துக்கு அவன் எடையாக இருப்பதற்குத் தடை. அவன் அதைக் காட்டி, "அஞ்சு வருஷம் நான் காத்தாத்தான் இருக்கணும் போல மாமா" என்று சிரித்தான். சிரிக்கும்போது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான்.

லிஃப்ட்காரர் மறுபடி கழகத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். உடனே ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். மூன்று பேர். ஒருவர் நிலவறைக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பவர், ஒருவர் தலைவரின் சம்பந்தி, மூன்றாமவர் பக்கத்து அறைப் பல் வைத்தியர், நடுநிலைக்காக. சம்பவத்தை நடத்திக் காட்டச் சொன்னார்கள். கூரையிலிருந்து ஒரு கொக்கியைக் கட்டி, அதில் லிஃப்ட்காரரைக் குப்புறத் தொங்கவிட்டார்கள். மச்சினனுக்குப் பதில் ஒரு மணல் மூட்டை. மூட்டையைக் கொக்கியில் மாட்டாமல் அவர் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தார்கள். தொங்கிக்கொண்டிருந்தவருக்கு ரத்தமெல்லாம் தலைக்கு ஏறியது. பிறகு பூட்டுக்காரர் தீர்ப்பை வாசித்தார்.

"மாட்டப்படாத மூட்டை தரையிலேயே கிடந்தது. ஆகவே, மாட்டப்படாத எடை தரையை விட்டுக் கிளம்பாது. மேற்படி மச்சினர் தரையை விட்டுக் கிளம்பினார் என்று மனுதாரரே சொல்கிறார். ஆகவே, மேற்படி மச்சினர் மாட்டப்பட்டிருந்தார்."

"மூட்டைக்குக் கை இல்லீங்களே!" என்று தொங்கியபடியே கத்தினார் லிஃப்ட்காரர்.

"அதனாலதான் அது விதியை மீறல," என்றார் சம்பந்தி.

பல் வைத்தியர் மட்டும் அவரைக் கீழே இறக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்து, "கடைவாய்ப் பல்லு ரெண்டு தேஞ்சிருக்கு. ராத்திரியில பல்லைக் கடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

இதில் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். படியேறி வெளியே வந்தபோது லிஃப்ட்காரர் மனசின் ஒரு மூலையில் "நல்லவேளை" என்று ஒரு குரல் கேட்டது. சொல்லியாகிவிட்டது, உரிமமும் போகவில்லை. கழகத்திடம் போய்ச் சொல்வது சுவரிடம் சொல்வது மாதிரி என்று அவருக்கு முதல் தடவையே தெரிந்துபோயிருந்தது. தெரிந்தேதான் திரும்பத் திரும்பப் போனார். வீட்டில் ஒரே கூடத்தில், பாதி நீலச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பாடு போடுகிறவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறதியால் வந்த மௌனம் இல்லை அது. பயம். உரிமத்தின் மேல் இருந்த ஆசையும் அதில் பாதி.

உரிமம் வழங்கும் விழாவைத் தரைத்தளத்தில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து நடத்தினார்கள். மனைவி நல்ல உடையாக உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அன்றைக்கு ஒரே பெருமை. அடுத்த வாரமே தன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். தம்பி வரவில்லை, தோள் வலிக்கிறதாம். "அவனுக்குக் குடுத்து வைக்கல" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார்.

"நம்ம கழகத்தோட விபத்துப் பதிவேட்டை யார் வேணும்னாலும் வந்து பாக்கலாம். வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே புத்தம் புதுசா இருக்கு. ஒரு எழுத்து விழல. சும்மா வந்ததா இந்தப் பேரு? எத்தனையோ பேர் எழுதணும், எழுதணும்னு வந்து நின்னாங்க. அத்தனை பேரையும் பேசிப் பேசித் திருப்பி அனுப்பினோம். அந்த உழைப்பு யார் கண்ணுக்குத் தெரியுது? பறக்கறவனைப் பாத்து ஊரே கை தட்டுது. கீழ உக்காந்து பேனாவை மூடி வைக்கிறவனுக்கு யாருங்க கை தட்டுறா?"

கூடம் கை தட்டியது. அடுத்து லிஃப்ட்காரர் மேடையேறினார். உரிமத்தை வாங்குகிறவர் அதை உரக்க வாசித்துவிட்டு ஏற்புரை சொல்ல வேண்டும். அவர் வாசிக்கத் தொடங்கினார். நாலாவது வரியில், "பத்துப் பறப்புகளிலும் இரண்டாம் எடைக்கு எந்தச் சேதமும் இல்லை" என்று இருந்தது. "இரண்டாம் எடைக்கு" என்பது வரை வாசித்தார். அங்கேயே நிறுத்தினார். எதிரே மனைவி, "வாசிங்க" என்று கண்ணாலேயே ஜாடை காட்டினாள்.

"சேதம் இருக்கு," என்றார் லிஃப்ட்காரர். "எடைன்னு போட்டிருக்கு. அவன் என் மச்சினன். அவனைக் கொக்கியில மாட்டாம நான் பறந்துட்டேன். திரும்பச் சோதிக்கணும்னு தெரியும். அவசரத்துல சோதிக்கல. நாப்பது வினாடி கையில தொங்கினான். அவனுக்கு இனிமே கை மேல எழும்பாது. ஏணியிலேர்ந்து விழுந்தேன்னு அவன் சொன்னது எனக்காக. அதுக்கு நான் 'சரி'ன்னுட்டேன்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"என்ன ஒரு பணிவு! பாத்துக்குங்க, இதுதான் நம்ம கழகம் வளர்த்த பண்பு! தன் மேலேயே இவ்வளவு பழி போட்டுக்கிறாரே, இந்த மனுஷனை நம்பி எந்த எடையை வேணும்னாலும் ஏத்தலாம்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. முன்வரிசையில் மனைவி மட்டும் கை தட்டவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக எழுந்து நின்றாள். விமானியின் மனைவியே எழுந்து நின்று மரியாதை செய்கிறாளே என்று பக்கத்திலிருந்தவர்கள் எழுந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். மொத்தக் கூடமும் நின்று கை தட்ட, அவர்களுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு அவள் வெளியே போனாள்.

லிஃப்ட்காரர் மேடையிலிருந்து குதித்துப் பின்னால் ஓடினார். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. பேருந்து வரும் திசையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கத்தினானா?"

"இல்ல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

இதை மட்டும் அவர் கழகத்திடம்கூடச் சொன்னதில்லை. "'என்னைப் பாக்காதீங்க மாமா, நேராப் பாத்து ஓட்டுங்க'ன்னான். கீழ இறங்குற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நின்ற நீர் விழவில்லை. "அவனை நான் எவ்வளவு திட்டினேன். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க," என்றாள்.

பேருந்து வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "நான் தம்பியைப் பாக்கப் போறேன். நீங்க வராதீங்க. எதிர்ல வந்து நின்னா மறுபடி உங்களைத்தான் காப்பாத்தப் பாப்பான் அவன்."

பேருந்து போய்விட்டது. பின்னால் செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், சார், போட்டோவுக்கு எல்லாரும் நிக்கிறாங்க. நீங்க இல்லாம எடுக்க முடியாது. உரிமத்தையும் மேசையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க!"

போக மாட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். அடுத்த பேருந்துக்குக் கால் மணி நேரம் இருந்தது. செயலாளர் தோளில் கை போட்டு, அன்பாக உள்ளே நடத்திக்கொண்டு போனார். தலைவர் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தார்கள். யாரோ உரிமத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார்.

லிஃப்ட்காரர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார்.